வாடகைக் கடையிலிருந்து இணையத்துக்கு: அமெரிக்காவில் படம் வீடு வந்த வழி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வீடியோ வாடகைக் கடைகளின் வீழ்ச்சியைப் பெரும்பாலோர் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: இணையம் வந்தது, கடைக்காரர்கள் தூங்கிவிட்டார்கள், கதவு மூடப்பட்டது. கேட்பதற்கு வசதியான கதை. ஆனால் வேகமான இணைப்பு வீடுகளுக்கு வருவதற்கு முன்பே இணையத்தில் படம் விற்க முயன்றவர்கள் இருந்தார்கள். வேகம் வந்த பிறகும் கையில் விற்பதற்குப் படம் இல்லாமல் தவித்தவர்களும் இருந்தார்கள். என் கணிப்பில் இந்த வரலாற்றைத் தொழில்நுட்பத்தைவிடச் சட்டமும் ஒப்பந்தமும்தான் அதிகம் தீர்மானித்தன. கீழே உள்ளவை பெரும்பாலும் 1997 முதல் 2012 வரையிலான காலத்தைப் பற்றியவை.

வாடகைக் கடைகள் படங்களை வாடகைக்கு விட ஸ்டுடியோக்களிடம் அனுமதி வாங்கினவா?

இல்லை. வாங்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. 1977-ல் ஆந்த்ரே பிளே என்பவரின் மேக்னடிக் வீடியோ நிறுவனம், டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸிடமிருந்து 50 படங்களுக்கு உரிமம் பெற்று அவற்றைக் கேசட்டாக விற்கத் தொடங்கியது. அந்த ஆண்டே லாஸ் ஏஞ்சலஸில் ஜார்ஜ் அட்கின்சன் அந்தக் கேசட்டுகளை விலைக்கு வாங்கி வாடகைக்கு விட ஆரம்பித்தார். ஸ்டுடியோக்கள் கொதித்தன, ஆனால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

காரணம், அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் உள்ள 'முதல் விற்பனை' கோட்பாடு. முறையாக விலைக்கு வாங்கிய ஒரு பிரதியை வாங்கியவர் மறுபடி விற்கலாம், இரவல் தரலாம், வாடகைக்கு விடலாம். உரிமையாளரைக் கேட்க வேண்டாம். 1908-ல் ஒரு நாவலின் விற்பனை விலை பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்பாட்டை வகுத்தது. பின்னர் சட்டப் பிரிவாகவே ஆகிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

அப்படியானால் வாடகைப் பணத்தில் ஸ்டுடியோக்களுக்குப் பங்கே கிடைக்கவில்லையா?

நேரடியாகக் கிடைக்கவில்லை. அதனால் கேசட்டின் விலையை உயர்த்தி வைத்தார்கள். 1990-களில் ஒரு புதுப்பட வி.எச்.எஸ். கேசட்டுக்குக் கடைகள் 65 டாலர் அளவுக்குக் கொடுத்தன. ஆகவே கடைக்காரர் மூன்று நான்கு பிரதிகளோடு நிறுத்திக்கொள்வார். வெள்ளிக்கிழமை மாலை வருகிறவர் வெறும் அட்டைப்பெட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். 1998-ல் வாடகைக் கடைச் சங்கிலியான பிளாக்பஸ்டர் இதை மாற்றியது. பிரதிக்குச் சில டாலர் மட்டும் முன்பணம், வாடகை வருவாயில் ஏறக்குறைய 40 சதவீதம் ஸ்டுடியோவுக்கு என்று ஒப்பந்தம் போட்டது. சங்கிலிக் கடைகளின் அலமாரிகள் நிரம்பின. அதே சலுகை கிடைக்காத சிறு கடைகள் வழக்குத் தொடுத்துத் தோற்றன. சிறு கடைகளில் பலவற்றை நலிய வைத்தது இணையம் அல்ல, இந்த ஒப்பந்தம்.

டிவிடி வந்தபோது கணக்கு மறுபடி மாறியது. வார்னர் நிறுவனத்தின் வீடியோ பிரிவுத் தலைவர் வாரன் லீபர்ஃபார்ப், டிவிடியை வாடகைப் பொருளாக அல்லாமல் மக்கள் வாங்கிவைத்துக்கொள்ளும் பொருளாக்க விரும்பி, விலையைத் தொடக்கத்திலிருந்தே 20 டாலர் அளவில் வைக்கச் செய்தார். அந்த மலிவு விலை யாருக்குப் பயன்படப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

தாமதக் கட்டணம் உண்மையிலேயே அவ்வளவு பெரிய வருமானமா?

2000-ஆம் ஆண்டில் பிளாக்பஸ்டர் வசூலித்த தாமதக் கட்டணம் ஏறக்குறைய 80 கோடி டாலர். மொத்த வருவாயில் ஆறில் ஒரு பங்கு. வாடிக்கையாளரின் மறதியை நம்பி ஒரு நிறுவனம் இவ்வளவு சம்பாதித்தால், அதை விட்டுவிடுவது எளிதல்ல.

2005 ஜனவரியில் 'இனித் தாமதக் கட்டணம் இல்லை' என்று பெரிதாக விளம்பரம் செய்தார்கள். பொடி எழுத்தில் வேறு செய்தி இருந்தது. கெடு முடிந்து 7 நாள் தாண்டினால் படத்தை நீங்கள் விலைக்கு வாங்கிவிட்டதாகக் கருதி முழு விலையும் உங்கள் கணக்கில் ஏறும். 30 நாளுக்குள் திருப்பித் தந்தால் விலை கழிக்கப்படும். ஆனால் மறுபடி அடுக்கி வைப்பதற்கென்று 1.25 டாலர் பிடிக்கப்படும். 47 மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் தலையிட்டார்கள். சில மாதங்களிலேயே 6.3 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பெயரை மட்டும் மாற்றியதால் கட்டணமும் போகவில்லை, கெட்ட பெயரும் போகவில்லை.

கடை வாங்கிய வட்டை அப்படியே இணையம் வழியாகக் காட்டினால் என்ன? அதற்கு ஏன் அனுமதி?

இதை உண்மையிலேயே செய்து பார்த்தவர்கள் உண்டு. இணையத்துக்கு முந்தைய ஓர் உதாரணத்திலிருந்து தொடங்குகிறேன். பென்சில்வேனியா மாநிலத்தின் ஈரி நகரில் மேக்ஸ்வெல்ஸ் வீடியோ ஷோகேஸ் என்ற கடை இருந்தது. கடையின் பின்புறம் சிறு சிறு அறைகள். இரண்டு முதல் நான்கு பேர் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். முன்புறத்தில் ஊழியர் அவர்கள் கேட்ட கேசட்டை ஒரு கருவியில் போடுவார். படம் கம்பி வழியாக அறையிலுள்ள தொலைக்காட்சியில் ஓடும். கேசட் கடையின் சொந்தப் பணத்தில் வாங்கியது. கேசட் வாசலைத் தாண்டவும் இல்லை. 1984-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: இது வாடகை அல்ல, பொதுமக்களுக்குப் படம் காட்டுவது, ஒவ்வொரு அறையிலும் நான்கு பேர்தான் இருந்தாலும், பணம் கொடுக்கும் யாரும் வரலாம் என்பதால் அது பொதுக் காட்சிதான்.

இருபத்தேழு ஆண்டு கழித்து, 2011-ல், ஜெடிவா என்ற நிறுவனம் இதையே இணையத்தில் செய்தது. ஓரிடத்தில் வரிசையாக டிவிடி கருவிகள். ஒவ்வொன்றிலும் கடையில் வாங்கிய அசல் வட்டு. நீங்கள் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வட்டும் ஒரு கருவியும் அந்த நேரத்துக்கு உங்களுக்கு வாடகை. உங்கள் வீட்டிலிருந்தே அதை ஓட்டலாம், நிறுத்தலாம். அதே வட்டை அதே நேரத்தில் வேறு யாரும் பார்க்க முடியாது. 'வயர் மட்டும்தான் நீளம், மற்றபடி இது வாடகைதான்' என்பது அவர்களின் வாதம். ஸ்டுடியோக்கள் வழக்குப் போட்டன, ஆகஸ்டில் நீதிமன்றம் தடை விதித்தது, கடை மூடப்பட்டது.

இதன் விளைவைப் பாருங்கள். வட்டைக் கையில் கொடுத்தால் யாருடைய தயவும் வேண்டாம். அதே படத்தைக் கம்பியில் அனுப்பினால் ஒவ்வொரு படத்துக்கும் உரிமையாளரிடம் போய் நிற்க வேண்டும். அவர் மறுக்கலாம், தாமதிக்கலாம், விலையை ஏற்றலாம், கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். முதன்முதலில் இணையத்தில் இறங்கிய எல்லோரும் முட்டிக்கொண்ட சுவர் இது.

இணைப்பின் வேகம் ஒரு தடையே இல்லை என்கிறீர்களா?

தடைதான். 1990-களின் இறுதியில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது தொலைபேசி வழி டயல்-அப் இணைப்பு, அதிகபட்சம் நொடிக்கு 56 கிலோபிட். படத்தை நன்றாகச் சுருக்கி 700 மெகாபைட் ஆக்கினாலும், அந்த வேகத்தில் இறங்க ஏறக்குறைய 28 மணி நேரம் ஆகும், இணைப்பு ஒருமுறைகூட அறுந்துபோகாமல் இருந்தால். நொடிக்கு 1.5 மெகாபிட் பிராட்பேண்டில் அதே கோப்பு ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம்தான், ஆனால் 8.5 கிகாபைட் கொள்ளும் முழு டிவிடியின் தரம் வேண்டுமென்றால் பன்னிரண்டரை மணி நேரம்.

இங்கே ஒரு வேடிக்கைக் கணக்கு. அதே 8.5 கிகாபைட் வட்டைத் தபாலில் போட்டு மறுநாள் வந்து சேர்ந்தால், தபால்காரரின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 790 கிலோபிட். டயல்-அப்பைவிடப் பதினான்கு மடங்கு. உறைக்குள் இரண்டு வட்டு இருந்தால் இருபத்தெட்டு மடங்கு.

நெட்ஃபிளிக்ஸ் ஏன் தபாலில் தொடங்கியது?

மேலே சொன்ன இரண்டு காரணங்களும் சேர்ந்துதான்: தபாலுக்கு வேகம் இருந்தது, வட்டுக்கு அனுமதி வேண்டியதில்லை. ரீட் ஹேஸ்டிங்ஸும் மார்க் ராண்டால்ஃபும் 1997 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஸ்காட்ஸ் வேலியில் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். டிவிடி அமெரிக்கச் சந்தைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கையில் டிவிடி கிடைக்காததால், ஒரு பழைய இசைக் குறுந்தட்டை வாங்கி உறையில் போட்டு ஹேஸ்டிங்ஸ் வீட்டு முகவரிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். மறுநாள் உடையாமல் வந்து சேர்ந்தது. கனமான வி.எச்.எஸ். கேசட்டை வைத்து இந்தத் தொழிலைச் செய்திருக்கவே முடியாது.

1998 ஏப்ரல் 14-ல் இணையதளம் திறந்தபோது கையிருப்பில் ஆயிரத்துக்கும் குறைவான தலைப்புகளே. ஆனால் அன்று டிவிடியாக வெளிவந்திருந்த படங்கள் அனேகமாக எல்லாமே அதில் அடக்கம். முதலில் ஒவ்வொரு படத்துக்கும் தனி வாடகை, கெடு தேதி, தாமதக் கட்டணம் என்று கடைகளைப் போலவேதான் நடந்தது. 1999 செப்டம்பரில்தான் மாதச் சந்தா வந்தது. சில மாதங்களில் கெடு தேதி காணாமல் போனது. பார்க்க விரும்பும் படங்களை இணையதளத்தில் வரிசைப்படுத்தி வைப்பீர்கள். ஒன்றைத் திருப்பி அனுப்பினால் அடுத்தது வரும். தாமதமாக்கினால் நஷ்டம் உங்களுக்கே என்பதால் அபராதத்துக்கு வேலையில்லை.

ஹேஸ்டிங்ஸ் ஒரு படத்துக்கு 40 டாலர் தாமதக் கட்டணம் கட்டிய கோபத்தில் பிறந்த யோசனை என்ற கதை பரவலானது. அது விளம்பரத்துக்கு வசதியாக அமைந்த கதை என்பதை ராண்டால்ஃப் பின்னர் எழுதியே விட்டார்.

வட்டை அனுப்பிய சிவப்பு உறையின் வடிவமைப்பும் லேசான விஷயமல்ல. ஒரே உறை போகவும் வரவும் பயன்பட வேண்டும், ஒரு அவுன்ஸ் எடையைத் தாண்டக் கூடாது, தபால் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் வட்டு நொறுங்கக் கூடாது. கடைசி நிபந்தனை முழுதாக நிறைவேறவில்லை. திரும்பி வரும் உறைகளில் ஏறக்குறைய 70 சதவீதத்தை ஊழியர்கள் கையால் பிரிக்க வேண்டியிருப்பதாகவும், அதனால் இரண்டு ஆண்டில் 4 கோடி டாலருக்கு மேல் கூடுதல் செலவு என்றும் தபால் துறையின் தணிக்கை அலுவலகம் 2007-ல் கணக்கிட்டது.

டிவ்எக்ஸ் என்று ஒன்று இருந்ததாமே?

சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுப் பொருள் விற்பனைச் சங்கிலி 1998-ல் கொண்டுவந்தது. வட்டை 4.50 டாலருக்கு வாங்கலாம். முதன்முறை ஓட்டியதிலிருந்து 48 மணி நேரம் பார்க்கலாம். பிறகு குப்பையில் போடலாம், அல்லது மேலும் பணம் கட்டிப் பார்க்கலாம். இதற்கென்று தனிக் கருவி. அது தொலைபேசிக் கம்பி வழியாக நிறுவனத்தைக் கூப்பிட்டு உங்கள் கணக்கைச் சொல்லும். 1999 ஜூனில் கைவிட்டார்கள். நிறுவனத்துக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் இழப்பு. தோற்ற யோசனைதான், ஆனால் 'படம் உன் வீட்டில் இருக்கலாம், பார்க்கும் உரிமை எங்களிடம் இருக்கும்' என்ற எண்ணம் அதோடு சாகவில்லை.

பிளாக்பஸ்டர் இணையத்தைப் பற்றி யோசிக்கவே இல்லையா?

யோசித்தது, அதுவும் நெட்ஃபிளிக்ஸ் இணையத்தில் படம் காட்டத் தொடங்குவதற்கு ஏழு ஆண்டு முன்பே. கூட்டாளியைத் தேர்ந்தெடுத்ததில்தான் விதி விளையாடியது. 2000 ஜூலையில் பிளாக்பஸ்டரும் எரிசக்தி நிறுவனமான என்ரானும், கம்பிவழி வீடுகளுக்குப் படம் அனுப்ப 20 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டன. சியாட்டில், போர்ட்லண்ட் போன்ற நகரங்களில் மிகச் சில வீடுகளில் சோதனை நடந்தது. ஸ்டுடியோக்கள் போதுமான படங்களைத் தரவில்லை. 2001 மார்ச்சில் ஒப்பந்தம் முறிந்தது.

அதற்குள் என்ரான், இந்தத் திட்டத்தின் எதிர்கால இலாபத்தில் ஒரு பங்கை ஒரு கனடிய வங்கியின் பணத்தோடு கைமாற்றி, 11 கோடி டாலருக்கு மேல் இலாபமாகக் கணக்கில் எழுதிவிட்டிருந்தது. வாடிக்கையாளரே இல்லாத தொழிலில் வந்த இலாபம்! அந்த ஆண்டு முடிவதற்குள் என்ரான் திவாலானது. இந்தக் கணக்கு பின்னர் மோசடி வழக்கில் இடம்பெற்றது.

ஸ்டுடியோக்கள் தாங்களே தொடங்கிய மூவிலிங்க் ஏன் எடுபடவில்லை?

எம்.ஜி.எம்., பாரமவுன்ட், சோனி, யுனிவர்சல், வார்னர் ஆகிய ஐந்தும் கூட்டாக 2002 நவம்பர் 11-ல் தொடங்கியது மூவிலிங்க். சினிமாநௌ என்ற போட்டி நிறுவனம் 1999-லிருந்தே இருந்தது. இன்டர்டெய்னர் என்ற இன்னொன்று, ஸ்டுடியோக்கள் தன்னை நசுக்குவதாக வழக்குப் போட்டுவிட்டு அதே இலையுதிர் காலத்தில் சேவையை நிறுத்திக்கொண்டது.

மூவிலிங்கில் ஒரு படம் பார்ப்பதென்றால் என்ன என்று பார்ப்போம். விண்டோஸ் கணினி வேண்டும், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வேண்டும், பிராட்பேண்ட் வேண்டும், நீங்கள் அமெரிக்காவில் இருக்க வேண்டும். கட்டணம் பெரும்பாலும் 3 முதல் 5 டாலர், அதாவது கடை வாடகையைவிடக் குறைவில்லை. தொடக்கத்தில் இருந்தவை ஏறக்குறைய 170 படங்கள். கோப்பு இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். இறங்கிய கோப்பு 30 நாள் வன்தட்டில் இருக்கும்; ஆனால் ஓட்டு பொத்தானை ஒருமுறை அழுத்திவிட்டால் 24 மணி நேரத்தில் அழிந்துவிடும். பாதியில் குழந்தை அழுது, மறுநாள் அலுவலகம் போய் இரவு திரும்பினால் மீதிப் படம் போயிற்று. இவ்வளவுக்கும் பிறகு நீங்கள் உட்கார்ந்து பார்ப்பது சோபாவில் அல்ல, மேசைக் கணினியின் முன்னால்.

2006 ஏப்ரலில் படங்களை விலைக்கே தரத் தொடங்கினார்கள். புதுப்படம் 20 முதல் 30 டாலர். டிவிடியைவிட விலை அதிகம், கூடுதல் காட்சிகள் கிடையாது, வட்டில் பதிவு செய்யலாம் என்றாலும் அந்த வட்டு வீட்டு டிவிடி கருவியில் ஓடாது. இதை யார் வாங்குவார்கள் என்று எண்ணினார்களோ! விற்பனை ஆகக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வடிவமைத்தது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. ஸ்டுடியோக்களின் அன்றைய இலாபத்தில் பெரும்பங்கு டிவிடி விற்பனையிலிருந்து வந்தது. அதைக் குறைக்கும் எதையும் முழுமனதோடு செய்ய அவர்களுக்கு மனம் வரவில்லை. 2007 ஆகஸ்டில் மூவிலிங்கை பிளாக்பஸ்டர் வாங்கியபோது விலை 66 லட்சம் டாலர் மட்டுமே.

ஒரு மாதம் இருந்த படம் அடுத்த மாதம் இணையத்தில் காணாமல் போனது ஏன்?

ஹாலிவுட் ஒரு படத்தை வரிசை வைத்து விற்றது. முதலில் திரையரங்கு; சில மாதம் கழித்து டிவிடி; பிறகு கட்டணம் கட்டிப் பார்க்கும் கேபிள்; பிறகு எச்.பி.ஓ., ஸ்டார்ஸ் போன்ற சந்தா அலைவரிசைகள். கடைசியில் இலவசத் தொலைக்காட்சி. இணையத்தைக் கேபிளோடு சேர்த்தார்கள். ஆகவே கடையில் வட்டு வந்த பல வாரங்கள் கழித்தே இணையத்தில் படம் வந்தது. எச்.பி.ஓ. தன் முறை வந்ததும் வேறு மின்னணு வழிகளையெல்லாம் மூடச் சொல்லி ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தது. ஆகவே படம் இணையக் கடையிலிருந்து மறைந்து, ஓராண்டுக்கு மேல் கழித்துத் திரும்பி வரும். வட்டுக்கு இந்தத் தொல்லையே இல்லை, வாங்கியது வாங்கியதுதான்.

திருட்டுப் பிரதிகளின் பங்கு என்ன?

டிவிடியின் பூட்டை உடைக்கும் நிரல் 1999-ல் வெளிவந்தது, கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிர உதவும் பிட்டோரன்ட் 2001-ல். பாடல்களை இணையத்தில் இலவசமாகப் பகிர வைத்த நாப்ஸ்டரால் இசைத் துறை பட்ட பாட்டைப் பார்த்த பயத்தில்தான் மூவிலிங்க் பிறந்தது, அதே பயத்தில்தான் அதைச் சுற்றி அத்தனை பூட்டுகளும் போடப்பட்டன. பூட்டு தடுத்தது காசு கொடுத்தவரை மட்டுமே.

ஆப்பிள் எப்படி நுழைந்தது?

2005 அக்டோபரில் தொலைக்காட்சித் தொடர்களை 1.99 டாலருக்கு விற்றுத் தொடங்கி, 2006 செப்டம்பரில் 75 படங்களோடு படக்கடை திறந்தது. அத்தனையும் டிஸ்னி குழுமத்தின் படங்கள். தன் அனிமேஷன் நிறுவனமான பிக்சாரை டிஸ்னிக்கு விற்றதால் ஸ்டீவ் ஜாப்ஸ் அப்போது டிஸ்னியின் மிகப்பெரிய தனிநபர் பங்குதாரர். அந்தக் கதவு எளிதில் திறந்ததில் வியப்பில்லை. மற்ற ஸ்டுடியோக்கள் தயங்கியதற்கு வால்மார்ட்டும் ஒரு காரணம். டிவிடி விற்பனையில் ஏறக்குறைய 40 சதவீதம் அதன் கையில் இருந்ததாக அப்போதைய செய்திகள் கூறின. அதைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிவு வரும்? எல்லாப் பெரிய ஸ்டுடியோக்களும் ஆப்பிளில் வாடகைக்குப் படம் தர ஒப்புக்கொண்டது 2008 ஜனவரியில்தான். அங்கும் அதே 30 நாள், அதே 24 மணி நேரம்.

நெட்ஃபிளிக்ஸ் ஸ்ட்ரீமிங் தொடங்கியபோதே வெற்றி பெற்றதா?

2007 ஜனவரியில் தொடங்கியபோது அது சந்தாவோடு சேர்த்துக் கொடுத்த இலவச இணைப்பு. ஏறக்குறைய ஆயிரம் தலைப்புகள், பெரும்பாலும் பழையவை. தபாலில் அப்போது 70,000 தலைப்புகள் கிடைத்தன. சந்தாவின் ஒவ்வொரு டாலருக்கும் ஒரு மணி நேரம் வீதம் அளந்து கொடுத்தார்கள்: 17.99 டாலர் திட்டத்துக்கு மாதம் 18 மணி நேரம். விண்டோஸ் கணினியில் மட்டும். ஓராண்டு கழித்து, ஆப்பிளின் வாடகை அறிவிப்பு வரவிருந்த வாரத்தில், மணிக்கணக்கை எடுத்துவிட்டார்கள்.

திருப்பம் 2008-ல் இரண்டு பக்கமிருந்து வந்தது. மே மாதம் ரோக்கு நிறுவனத்தின் 99.99 டாலர் சிறுபெட்டி படத்தைக் கணினியிலிருந்து தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. அக்டோபரில் ஸ்டார்ஸ் அலைவரிசையோடு ஓர் ஒப்பந்தம். டிஸ்னி, சோனி படங்களைச் சந்தா அலைவரிசையில் காட்டும் உரிமை ஸ்டார்ஸிடம் இருந்தது. அதில் இணைய உரிமையும் அடங்கியிருந்தது. ஸ்டார்ஸ் அதை வைத்து வாங்கோ என்ற சொந்தச் சேவையை நடத்திப் பார்த்து, அது எடுபடாமல் மூடியது. அந்த உரிமையை நெட்ஃபிளிக்ஸ் வாடகைக்கு எடுத்துக்கொண்டது. ஒரே கையெழுத்தில் ஏறக்குறைய 2,500 தலைப்புகள் கிடைத்தன. ஸ்டுடியோக்களிடம் நேரே போயிருந்தால் கிடைத்திருக்காது. விலையும் மலிவு. அது எவ்வளவு மலிவு என்று உணர்ந்ததும் ஸ்டார்ஸ் புதுப்பிக்க மறுத்தது. 2012 பிப்ரவரி இறுதியில் அந்தப் படங்கள் போய்விட்டன. நெட்ஃபிளிக்ஸ் சொந்தப் படைப்புகளில் பணத்தைக் கொட்டியதற்கு இந்த அனுபவமும் காரணம்.

5 கோடி டாலருக்கு நெட்ஃபிளிக்ஸை வாங்க மறுத்தது பிளாக்பஸ்டரின் மடத்தனம்தானே?

பின்னாலிருந்து பார்த்தால் அப்படித்தான். 2000-ல் டாலஸில் அந்தப் பேச்சு நடந்தபோது நெட்ஃபிளிக்ஸுக்கு ஏறக்குறைய 3 லட்சம் சந்தாதாரர்கள். அந்த ஆண்டு இழப்பு மட்டும் 5 கோடி டாலருக்கு மேல். இணைய நிறுவனங்கள் வரிசையாகக் கவிழ்ந்துகொண்டிருந்த நேரம். வாங்க மறுத்தவரை என்னால் அவ்வளவாகக் குறை சொல்ல முடியவில்லை.

குறை சொல்ல வேண்டியது பின்னால் நடந்ததை. 2004-ல் தாய் நிறுவனமான வயகாம் பிளாக்பஸ்டரைப் பிரித்துவிட்டபோது, பங்குதாரர்களுக்கு ஏறக்குறைய 90 கோடி டாலர் சிறப்பு ஈவுத்தொகை கொடுக்க வைத்து, கடனை நிறுவனத்தின் தலையில் கட்டியது. அந்தச் சுமையோடும் 2006 நவம்பரில் ஜான் ஆன்டியோகோ தலைமையில் ஒரு நல்ல திட்டம் வந்தது: தபாலில் வந்த வட்டைப் பக்கத்துக் கடையில் கொடுத்து, உடனே வேறொரு படத்தை இலவசமாக எடுத்துச் செல்லலாம். நெட்ஃபிளிக்ஸால் செய்ய முடியாத ஒன்று. 2007-ன் இரண்டாம் காலாண்டில் நெட்ஃபிளிக்ஸின் சந்தாதாரர் எண்ணிக்கை முதன்முறையாகக் குறைந்தது. ஆனால் திட்டம் பணத்தை விழுங்கியது, இயக்குநர் குழுவில் இருந்த முதலீட்டாளர் கார்ல் ஐகானோடு ஊக்கத்தொகை பற்றி மோதல், ஆன்டியோகோ வெளியேறினார். அடுத்து வந்தவர் கடைகளின் பக்கம் திரும்பினார். 2010 செப்டம்பர் 23-ல் திவால் மனு.

ரெட்பாக்ஸ் இதில் எங்கே வருகிறது?

பல்பொருள் அங்காடி வாசலில் வைத்த இயந்திரம். ஓர் இரவுக்கு ஒரு டாலர். கடைகளின் கடைசி வாடிக்கையாளர்களைப் பிடித்துக்கொண்டது அதுதான். சில ஸ்டுடியோக்கள் புதுப்படங்களைத் தர மறுத்தபோது ரெட்பாக்ஸ் ஊழியர்கள் சாதாரணக் கடைகளுக்குப் போய் வட்டுகளை வாங்கி வந்து இயந்திரத்தில் நிரப்பினார்கள். முதல் விற்பனைக் கோட்பாடு இருக்கும்போது யார் தடுக்க முடியும்? நெட்ஃபிளிக்ஸும் அதே போல் செய்திருக்கலாம். ஆனால் 2010 ஜனவரியில் வார்னரின் புது டிவிடிகளை 28 நாள் கழித்தே அனுப்ப ஒப்புக்கொண்டது, பதிலுக்கு ஸ்ட்ரீமிங்குக்கு அதிகப் படங்கள் வேண்டும் என்பதற்காக. சட்டம் கொடுத்த உரிமையை அனுமதிக்காக விட்டுக்கொடுத்த தருணம் அது.

நான் என்ன படம் பார்த்தேன் என்பது வெளியே தெரியுமா?

கடைக் காலத்துச் சட்டம் ஒன்று இதில் உங்களுக்குத் துணை. 1987-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிப் பதவிக்கு முன்மொழியப்பட்ட ராபர்ட் போர்க்கின் வாடகைப் பட்டியல் ஒரு வாஷிங்டன் வாரப் பத்திரிகையில் வெளியானது. அதிர்ந்த அமெரிக்க நாடாளுமன்றம் அடுத்த ஆண்டே, வாடகை விவரங்களை வெளியிடுவதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. 2012-ல் ஹுலு என்ற ஸ்ட்ரீமிங் சேவை மீதான வழக்கில் அது ஸ்ட்ரீமிங்குக்கும் பொருந்தும் என்று ஒரு நீதிமன்றம் கூறியது. படப் பரிந்துரையை மேம்படுத்துவோருக்குப் பரிசு தரும் போட்டிக்காக நெட்ஃபிளிக்ஸ், சந்தாதாரர்கள் படங்களுக்குக் கொடுத்த மதிப்பெண்களைப் பெயர்களை நீக்கிவிட்டு வெளியிட்டது. அந்தத் தரவிலிருந்து சிலரை அடையாளம் காண முடியும் என்று ஆய்வாளர்கள் காட்டியதும், வழக்குக்குப் பிறகு அதன் இரண்டாவது பரிசுப் போட்டி 2010-ல் கைவிடப்பட்டதும் இந்தச் சட்டத்தின் நிழலில்தான்.

அப்போது விலைக்கு வாங்கிய தரவிறக்கப் படங்கள் என்னவாயின?

கடை மூடினால் பூட்டின் சாவியும் போயிற்று. வால்மார்ட் 2007 பிப்ரவரியில் தொடங்கிய தரவிறக்கக் கடையை அந்த ஆண்டு டிசம்பரிலேயே மூடியது. வாங்கிய படம் எந்தக் கணினியில் இறங்கியதோ அதில் மட்டும் ஓடும், வேறு கணினிக்கு மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்தக் கணினி பழுதானால் அதோடு படமும் போயிற்று.

வாடகைக் கடையில் இருந்த படங்களெல்லாம் இன்று இணையத்தில் கிடைக்கின்றனவா?

இல்லை. உரிமம் காலாவதியாகும், சில படங்களின் பாடல் உரிமை கேசட்டுக்கும் டிவிடிக்கும் மட்டுமே பெறப்பட்டது, சிலவற்றின் உரிமையாளர் யார் என்பதே சிக்கல். நெட்ஃபிளிக்ஸ் தபால் சேவையை 2023 செப்டம்பர் 29-ல் நிறுத்தியபோது, வேறெங்கும் எளிதில் கிடைக்காத பல தலைப்புகள் அதோடு புழக்கத்திலிருந்து போயின. சியாட்டிலில் உள்ள ஸ்கேர்குரோ வீடியோ 2014-ல் இலாப நோக்கற்ற அமைப்பாக மாறி, ஒரு லட்சத்துக்கும் அதிகமான தலைப்புகளோடு இன்னும் வாடகைக்கு விடுகிறது. அமெரிக்காவில் இருப்பவர்கள், தேடும் படம் எந்தச் சேவையிலும் இல்லையென்றால், முதலில் பொது நூலகத்தின் டிவிடி அடுக்கைப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துத் தருவார்களா என்று கேளுங்கள். வட்டை இரவல் தர அவர்களுக்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை.